பக்கத்தில் இருப்பவரையும் காக்குமா தடுப்பூசி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்குழந்தை, கர்ப்பிணி, கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் பெரியவர் என்று எளிதில் நோய் தொற்றக்கூடிய ஒருவர் இருக்கும் வீடுகளில் எழும் கேள்விகள் இவை. பொதுவான விளக்கம்தான். உங்கள் வீட்டு நிலைமைக்கு எது சரி என்பதை உங்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

எனக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் என் வீட்டில் இருக்கும் இன்னொருவருக்கு என்ன பயன்?

உங்கள் எதிர்ப்புச் சக்தி உங்கள் உடம்பை விட்டு வெளியே போவதில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒரே பாயில் படுத்தாலும் அது அடுத்தவருக்கு ஒட்டாது. தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது மட்டும் விதிவிலக்கு, அதைக் கீழே பார்ப்போம்.

கிருமி பெரும்பாலும் ஓர் ஆளிடமிருந்துதான் இன்னொரு ஆளுக்கு வருகிறது. பிறந்து ஒரு மாதமான குழந்தை கடைத்தெருவுக்குப் போவதில்லை, பஸ்ஸில் ஏறுவதில்லை. அதற்கு நோய் வந்தால் அதைத் தூக்கிக் கொஞ்சிய யாரோ ஒருவர்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். அந்த ஒருவரின் உடம்பில் கிருமி குடியேறவே முடியாவிட்டால் குழந்தைக்கு அந்த வழி அடைபட்டது. குடியேறினாலும், எதிர்ப்புச் சக்தி இருப்பவரிடம் அது குறைவாகப் பெருகும், சீக்கிரம் ஒழியும், இருமலும் சளியும் குறையும். அப்போது வழி முழுக்க அடைபடாது, குறுகும்.

அப்படியானால் எந்தத் தடுப்பூசி போட்டாலும் வீட்டில் உள்ளவர்களுக்குப் பாதுகாப்புதானே?

இல்லை. பலர் குழம்புவது இங்கேதான். ஒரு தடுப்பூசி இரண்டு வேலைகளைச் செய்யலாம். ஒன்று, போட்டவருக்கு நோய் முற்றாமல் பார்த்துக்கொள்வது. இன்னொன்று, போட்டவரின் மூக்கிலும் தொண்டையிலும் குடலிலும் கிருமி தங்காமல் பார்த்துக்கொள்வது. பக்கத்தில் இருப்பவருக்கு உதவுவது இரண்டாவது வேலை மட்டும்தான்.

தட்டம்மை ஊசி இரண்டையும் நன்றாகச் செய்கிறது. டெட்டனஸ் ஊசியில் இரண்டாவது வேலைக்கே இடமில்லை. அந்தக் கிருமி மண்ணிலிருந்து காயம் வழியாக வருகிறது, ஆளுக்கு ஆள் பரவுவதில்லை. ஊரில் அத்தனை பேரும் போட்டிருந்தாலும் போடாத ஒருவர் துருப்பிடித்த ஆணியை மிதித்தால் அவருக்கு ஆபத்து ஆபத்துதான். கக்குவான் இருமல், போலியோ, கோவிட் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. ஆகவே எந்த ஊசியாக இருந்தாலும் ‘இது கிருமி தங்குவதையும் தடுக்குமா?’ என்று கேட்டுப் பழகுங்கள்.

ஒருவர் போட்டால் இன்னொருவருக்கு நோய் குறைகிறது என்பதை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

நிறைய. எனக்குப் பிடித்தது கனடாவில் ஹட்டரைட் என்ற கிறிஸ்தவ சமூகத்தாரிடம் நடந்த ஆய்வு. இவர்கள் விவசாயம் செய்துகொண்டு, சொத்தைப் பொதுவில் வைத்து, வெளியுலகத்தோடு அதிகம் கலக்காமல் சிறு சிறு குடியிருப்புகளாக வாழ்கிறார்கள். ஒரு குடியிருப்புக்குள் ஃப்ளூ வந்தால் அது யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்க்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது. 2008-09 குளிர்காலத்தில் சில குடியிருப்புகளில் குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள். மற்றக் குடியிருப்புகளில் அதே வயதினருக்கு ஃப்ளூவுக்குச் சம்பந்தமில்லாத ஹெபடைடிஸ் ஏ ஊசியைப் போட்டார்கள். பெரியவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். குழந்தைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்ட இடங்களில், ஊசியே போடாதவர்களுக்கும் ஃப்ளூ சுமார் 61 சதவீதம் குறைந்திருந்தது. பேரன் போட்ட ஊசி பாட்டிக்கும் வேலை செய்தது என்றே சொல்லலாம்.

நம் நாட்டிலேயே கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் டைஃபாய்டு தடுப்பூசியை வைத்து இதேபோல் ஓர் ஆய்வு நடந்து 2009இல் முடிவு வெளியானது. பகுதியை 80 கூறுகளாகப் பிரித்து, பாதியில் டைஃபாய்டு ஊசி, மீதியில் வேறு ஊசி. போட்டவர்களுக்கு டைஃபாய்டு 61 சதவீதம் குறைந்தது. அதே கூறுகளில் போடாமல் இருந்த அக்கம்பக்கத்தாருக்கும் 44 சதவீதம் குறைந்தது. கழிவும் குடிநீரும் கலக்கும் இடங்களில் ஒருவர் குடலில் கிருமி இல்லாமல் இருப்பது இன்னொருவர் குடத்துக்குள் கிருமி போகாமல் தடுக்கிறது.

கோவிட் சமயத்தில் ஸ்காட்லாந்தில் சுகாதாரப் பணியாளர்களின் வீட்டாரைக் கவனித்தார்கள். பணியாளர் முதல் டோஸ் போட்டு இரண்டு வாரம் ஆனபின் அவர் வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்று சுமார் 30 சதவீதம் குறைந்தது. பின்னால் வந்த ஒமைக்ரான் வகையில் இந்தப் பலன் நன்றாகவே குறைந்துபோனது. கிருமி மாறினால் இந்தக் கணக்கும் மாறும்.

வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது. கக்குவான் இருமலுக்காக அப்பா, தாத்தா, பாட்டி எல்லோரும் ஊசி போட வேண்டுமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

கக்குவான் பெரியவர்களுக்கு வாரக்கணக்கில் விடாத இருமல், அவ்வளவுதான். ‘வறட்டு இருமல், தூசியால் வந்திருக்கும்’ என்று விட்டுவிடுவோம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது உயிர்போகும் நோய். அந்த வயதில் ‘கூவ்’ என்று இழுக்கும் சத்தம்கூட வராமல் போகலாம், மூச்சு அப்படியே நின்று நின்று வரும். இந்தியாவில் இதற்கான முதல் ஊசியை 6 வாரத்தில் பெண்டாவேலண்ட் (ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி) என்று போடுகிறார்கள், அடுத்தவை 10, 14 வாரங்களில். அதுவரை குழந்தையிடம் சொந்தப் பாதுகாப்பு கிடையாது.

சுற்றியிருக்கும் எல்லோருக்கும் ஊசி போட்டுக் குழந்தையைப் பொத்திவைப்போம் என்று முதலில் யோசித்தார்கள். அமெரிக்கா 2000களின் நடுவில் இதைப் பரிந்துரைத்தது. கேட்பதற்கு நன்றாக இருந்தாலும் நடைமுறையில் எதிர்பார்த்த அளவு கைகொடுக்கவில்லை. வீட்டில் உள்ள அத்தனை பேரையும் பிரசவத்துக்கு முன்னால் பிடித்து ஊசி போடவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று கூட்டுக்குடும்பத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கனடாவில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, நோய் குறைவாக இருந்த அந்தக் காலகட்டத்தில், ஒரு குழந்தையின் மரணத்தைத் தடுக்கக் குறைந்தது 10 லட்சம் பெற்றோருக்கு ஊசி போட வேண்டும் என்று வந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அமெரிக்க விஞ்ஞானிகள் பபூன் குரங்குகளை வைத்து ஒரு சோதனை நடத்தி 2014இல் வெளியிட்டார்கள். இப்போது பெரியவர்களுக்குப் போடப்படும், கிருமியின் சில பகுதிகள் மட்டுமே உள்ள வகை ஊசி போட்ட குரங்குகளுக்கு நோய் வரவில்லை. ஆனால் அவற்றின் தொண்டையில் கிருமி வாரக்கணக்கில் தங்கியது, பக்கத்தில் விட்ட குரங்குகளுக்கும் தொற்றியது. முழுக் கிருமியைக் கொன்று செய்யும் பழைய வகை ஊசி போட்டவற்றிடம் கிருமி அதைவிடச் சீக்கிரம் ஒழிந்தது. நம் கிளினிக்குகளில் ‘வலியில்லாத ஊசி’, ‘வலிக்கிற ஊசி’ என்று கேட்கிறார்களே, அந்த இரண்டும்தான் இவை. வலியில்லாததைப் போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, போட்டுக்கொண்ட குழந்தையை அதுவும் காக்கிறது. தேர்வு செய்யும்போது வலியை மட்டும் பார்க்க வேண்டாம் என்கிறேன்.

சரி, என்னதான் செய்வது? தாய்க்குப் போட வேண்டும், அதுவும் கர்ப்பத்திலேயே. 2012இல் இங்கிலாந்தில் கக்குவான் பரவி 14 கைக்குழந்தைகள் இறந்தபோது, அந்த அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். தாயின் ரத்தத்தில் உருவான எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் நோய் 90 சதவீதம் அளவுக்குத் தடுக்கப்பட்டது. வீட்டில் பத்துப் பேருக்குப் போடுவதைவிட இந்த ஓர் ஊசி பெரிது.

நம் ஊரில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகப் போடுவது டெட்டனஸும் தொண்டை அடைப்பானும் சேர்ந்த ஊசி. கக்குவான் அதில் இல்லை. மூன்றும் சேர்ந்த டிடாப் ஊசியைத் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. 27 முதல் 36 வாரத்துக்குள், ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. ஒருவருக்குப் போடத்தான் பணம் இருக்கிறது என்றால் தயங்காமல் கர்ப்பிணிக்குப் போடுங்கள். அப்புறம் முடிந்தால் குழந்தையோடு அதிக நேரம் இருக்கப்போகும் மற்றவர்கள். மூத்த பிள்ளைக்குப் போட வேண்டிய பூஸ்டர் எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். கைக்குழந்தைக்குக் கக்குவானைக் கொண்டுவருபவர்களில் அண்ணனும் அக்காவும் முக்கியமானவர்கள்.

ஊசி போட்டு எத்தனை நாள் கழித்துக் குழந்தையைத் தூக்கலாம்?

எதிர்ப்புப் பொருள் போதுமான அளவு உருவாகச் சுமார் இரண்டு வாரம் ஆகும். ஊரிலிருந்து வரப்போகும் பாட்டி பிரசவத்துக்கு முந்தைய மாதமே போட்டுக்கொண்டால் நல்லது. எந்த ஊசி போட்டிருந்தாலும் இருமலோடு வருபவர் குழந்தையைக் கொஞ்ச வேண்டாம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும், சொல்லிவிடுங்கள்.

தாய்ப்பால் கொடுத்தாலே போதாதா?

தாய்ப்பாலில் இருக்கும் எதிர்ப்புப் பொருள் முக்கியமாகக் குழந்தையின் வாய், தொண்டை, குடல் உள்பரப்பில் வேலை செய்கிறது. வயிற்றுப்போக்கு வகையறாக்களுக்கு எதிராக அது அருமையான காவல். நஞ்சுக்கொடி வழியாக ரத்தத்துக்கே போவதற்கு அது ஈடாகாது. இரண்டும் வேண்டும்.

என் கைக்குழந்தைக்கு இன்னும் 9 மாதம் ஆகவில்லை. தெருவில் தட்டம்மை இருக்கிறது. என்ன செய்ய?

வீட்டாரின் எதிர்ப்புச் சக்தி மிக அதிகமாக உதவுவது தட்டம்மையில்தான். எதிர்ப்பில்லாத பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கி இருந்தால் ஒன்பது பேருக்கு வரும். நோயாளி அறையை விட்டுப் போனபின்னும் இரண்டு மணி நேரம்வரை காற்றில் கிருமி இருக்கும். இரண்டு டோஸ் போட்டவர்களில் சுமார் 97 சதவீதம் பேருக்கு நோய் வராது. வராதவர் பரப்புவதற்கும் ஒன்றுமில்லை.

தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு மெல்ல மெல்லக் கரைந்து ஆறு மாதவாக்கில் மிகவும் குறைந்திருக்கும். அரசு அட்டவணைப்படி முதல் ஊசி 9 மாதம் முடிந்தபின். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில் குழந்தைக்குப் பாதுகாப்பு, வீட்டில் உள்ள மற்றப் பிள்ளைகளின் இரண்டு டோஸ்கள்தான். நோயாளியோடு நேரடித் தொடர்பு ஏற்பட்டுவிட்டால் காத்திருக்காதீர்கள். ஆறு மாதம் ஆன குழந்தைக்கு 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. அதைவிடச் சின்னக் குழந்தைக்கு ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (மற்றவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருள்) கொடுக்கலாம். ஆறு மாதத்தில் போட்டாலும் 9 மாத ஊசியை விடக்கூடாது.

அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, வெளியாட்கள் வராமல் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். தனிமைப்படுத்துவது நல்லதுதான். ஆனால் தட்டம்மை, தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவுகிறது. வேப்பிலை செருகும்போது வகுப்பில் பாதிப் பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ரூபெல்லா கர்ப்பிணியைத்தானே பாதிக்கிறது? பையன்களுக்கு எதற்கு ஊசி?

இந்தக் கேள்வியை இரண்டு நாட்டு அரசுகளே கேட்டு, பையன்களை விட்டுவிட்டுப் பார்த்தன. ரூபெல்லா வந்தவருக்கு லேசான காய்ச்சலும் தடிப்பும்தான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வந்தால் குழந்தை கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறோடு பிறக்கலாம். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் இதைக் கவனித்துச் சொன்னார். பிரிட்டன் 1970இல் பள்ளிச் சிறுமிகளுக்கு மட்டும் ஊசி போட ஆரம்பித்தது. சிறுவர்களிடையே கிருமி சுற்றிக்கொண்டே இருந்ததால் 1988இல் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று மாற்றியது.

ஜப்பான் கதை இன்னும் வருத்தமானது. அங்கும் 1977இல் பெண்பிள்ளைகளோடுதான் தொடங்கினார்கள். அப்போது விடுபட்ட பையன்கள் வளர்ந்து, வேலைக்குப் போய், கணவர்களும் சக ஊழியர்களும் ஆனபின், 2012-13இல் ரூபெல்லா அந்த வயது ஆண்களிடையே பெரிய அளவில் பரவியது. ஊசி போட்டும் போதுமான எதிர்ப்பு இல்லாத, அல்லது ஊசியே போடாத கர்ப்பிணிகளுக்கு அவர்களிடமிருந்து போனது. 45 குழந்தைகள் பிறவி ரூபெல்லாவோடு பிறந்தன. 2019இல் அந்த வயது ஆண்களைத் தேடி இலவசப் பரிசோதனையும் ஊசியும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தட்டம்மை ரூபெல்லா முகாம் தொடங்கியபோது 15 வயதுக்கு உட்பட்ட பையன்களையும் வரிசையில் நிறுத்தியது இதனால்தான். அன்று ஊசி போட்டுக்கொண்ட பையன், பிற்காலத்தில் தன் மனைவியின் வயிற்றில் வளரும் குழந்தைக்காகவும் போட்டுக்கொண்டான்.

போலியோ சொட்டு மருந்து பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் வேலை செய்யும் என்கிறார்களே?

ஓரளவுக்கு உண்மை. சொட்டு மருந்தில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது குடலில் பெருகி, மலத்தில் வெளியேறி, கூட விளையாடும் குழந்தைக்கும் போய் அங்கும் எதிர்ப்பை உருவாக்கலாம். மேலே சொன்ன எல்லாவற்றிலிருந்தும் இது வேறு. அங்கே நோயின் பாதை அடைபடுகிறது, இங்கே மருந்தே கைமாறுகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஊசியோ சொட்டோ கிடைக்காத குழந்தைகள் நிறைய இருக்கும் இடத்தில் அந்த வைரஸ் நீண்ட காலம் சுற்றினால், மாறி மாறி மீண்டும் வாதத்தை உண்டாக்கும் வகையாகிவிடலாம். 2016 ஏப்ரலில் இரண்டாம் வகை வைரஸைச் சொட்டு மருந்திலிருந்து உலகெங்கும் நீக்கியது அதனால்தான்.

போலியோ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அந்தக் கவலையும் இல்லை. வாதத்தையும் நன்றாகத் தடுக்கும். குடலில் வைரஸ் தங்குவதைத் தடுப்பதில்தான் பலவீனம். இஸ்ரேல் 2005 முதல் ஊசியை மட்டும் நம்பியிருந்தது. 2013இல் அங்கே கழிவுநீரில் போலியோ வைரஸ் கிடைத்தது. ஒரு குழந்தைக்கும் வாதம் வரவில்லை, ஆனால் வைரஸ் குடலுக்குக் குடல் பயணம் செய்துகொண்டிருந்தது. உடனே ஏற்கெனவே ஊசி போட்ட குழந்தைகளுக்கே சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அது தேவையே இல்லை, சுற்றியிருப்பவர்களுக்காகக் கொடுத்தது.

சொட்டு மருந்து ஏற்கெனவே எடுத்த குழந்தைக்கு ஓர் ஊசி போட்டால் என்ன ஆகும் என்று வேலூரில் ஓர் ஆய்வு நடந்தது. குடலின் எதிர்ப்பு மறுபடி ஊக்கம் பெற்று, வைரஸ் வெளியேறுவது குறைந்தது. 2014இல் வெளியான முடிவு இது. நம் அட்டவணையில் சொட்டும் ஊசியும் இரண்டும் இருப்பது வீண் இல்லை.

ஊசி போட்ட குழந்தையிடமிருந்து கீமோ எடுக்கும் பாட்டிக்கு நோய் தொற்றுமா?

பெரும்பாலான ஊசிகளில் உயிருள்ள கிருமியே கிடையாது, அவற்றால் பயமில்லை. தட்டம்மை ரூபெல்லா ஊசியில் உண்டு, ஆனால் அது அடுத்தவருக்குப் பரவுவதில்லை. ரோட்டாவைரஸ் சொட்டு சில வாரம்வரைகூட மலத்தில் வெளியேறலாம், அதுவரை டயப்பர் மாற்றுவதைப் பாட்டியிடம் விடாமல் சோப்புப் போட்டுக் கைகழுவினால் போதும். சின்னம்மை ஊசி போட்டபின் தடிப்பு வந்தால் அது ஆறும்வரை பாட்டியிடமிருந்து தள்ளி வையுங்கள். போலியோ சொட்டு மட்டும் டாக்டரிடம் கேட்டபின்.

‘பாட்டிக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்கு ஊசி இப்போது வேண்டாம்’ என்று தள்ளிப்போடுவது தலைகீழான முடிவு. பாட்டிக்கு ஊசி போட்டாலும் அவர் உடம்பு அதற்குச் சரியாக எதிர்வினை காட்டாமல் போகலாம். அவருக்கு வேண்டியது சுற்றியிருப்பவர்களின் பாதுகாப்பு. வருடாந்திர ஃப்ளூ ஊசியை வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்ளலாம். ஆறு மாதம் ஆகாத குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இதேதான், அந்த வயதுக்கு ஃப்ளூ ஊசியே கிடையாது.

தாத்தாவுக்கு டிபி (காசநோய்). பேரனுக்கு அதற்கான பி.சி.ஜி. ஊசி போட்டாயிற்று. கவலை வேண்டாமா?

கவலைப்படத்தான் வேண்டும். பி.சி.ஜி. சிறு குழந்தைகளை மூளைக்குப் பரவும் கடுமையான காசநோயிலிருந்து காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று காட்டியது நம் செங்கல்பட்டு ஆய்வுதான். 1968இல் தொடங்கி இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்துக்கொண்ட ஆய்வு அது. ஆகவே வீட்டில் பெரியவர்களுக்குப் பி.சி.ஜி. போட்டிருப்பதால் பேரனுக்கு வேலி எதுவும் இல்லை. இங்கே வேலி தாத்தாவின் மாத்திரைகள். ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பரவுவது வெகுவாகக் குறையும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பேரனுக்கு நோய் இல்லை என்று உறுதிசெய்தபின் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஊரில் எல்லோரும் போட்டிருந்தால் என் குழந்தைக்குப் போடாமல் விடலாமே?

கணக்கில் அது சரி, மற்றவர்களும் இதே கணக்கைப் போடாதவரை. தட்டம்மை பரவாமல் இருக்க 95 சதவீதம் பேர் ஊசி போட்டிருக்க வேண்டும். மாநிலச் சராசரி 95 இருந்தாலும் உங்கள் தெருவில் 70 இருக்கலாம், கிருமிக்கு மாநிலச் சராசரி தெரியாது. போட முடியாத குழந்தைகளுக்காக ஒதுங்கியிருக்கும் அந்த ஐந்து இடத்தைப் போட முடிந்தவர்கள் எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மனிதருக்கு மனிதர் மட்டும்தானா இந்தப் பாதுகாப்பு?

வெறிநாய்க்கடியில் காவல் நாயின் உடம்பில்தான் தொடங்குகிறது. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் நாய்களிடையே பரவுவது நின்றுவிடும், மனிதருக்கும் வராது. வீட்டு நாய்க்கு வருடாவருடம் போடும் ஊசி பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் ஊசி போட்ட நாயே கடித்தாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.